கிண்டிக் குதிரைப் பந்தயத்தில் முன்கொணரப்பட்ட ஜாக்பாட் தொகை: ஆதாயக் கணக்கும் ‘திறன்’ என்னும் கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

வெல்வார் இல்லாத நாளின் பரிசுத் தொகை அடுத்த நாளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு வளரும்போது, பந்தயம் கட்டுவோருக்கு ஆதாயம் தரும் நிலை எப்போதேனும் உருவாகிறதா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வளர்பரிசுச் சூதாட்ட இயந்திரங்களின் கணக்கு முதலில் விளக்கப்படுகிறது. பின்னர் அக்கணக்கு சென்னைக் கிண்டிப் பந்தயக் களத்தின் ஜாக்பாட் கூட்டுத்தொகையோடு ஒப்பிடப்படுகிறது. குதிரையை அறிதல், தொகையை எண்ணுதல் ஆகிய இரண்டும் வெவ்வேறு அறிவுகள் என்பதும், 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முதலாவதை மட்டுமே அளவுகோலாகக் கொண்டது என்பதும் நளன் கதையின் துணையோடு எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சூது, கிண்டி, ஜாக்பாட், முன்கொணர்வு, எதிர்பார்ப்பு மதிப்பு, நளவெண்பா, திறன்

முன்னுரை

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், பரங்கிமலை ஆகியவற்றைக் கடந்து கிண்டியை அடைகிறது. 1931 முதல் மின்வண்டி ஓடும் இத்தடத்தில், நிலையத்துக்கு அருகிலேயே பரந்த வெளியாகக் கிடப்பது மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் பந்தயக் களம். 1896இல் தோன்றிய அந்த அமைப்பு 1945ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றிருந்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. அக்குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு நிலத்தைத் தன்வசப்படுத்தியது. தென்சென்னைப் புறநகர் மக்களின் பேச்சில் ‘ரேஸ்’ என்னும் சொல் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் கூறும் சொல்லாகவே பெரிதும் வழங்கி வந்துள்ளது. அந்த வழக்கு நியாயமற்றதன்று. எனினும் பந்தயத்தில் ‘ஆதாயம்’ என்பது எவ்வாறு கணக்கிடப்படுகிறது, அது யாருடைய கைக்குப் போகிறது என்பவை தமிழில் போதிய அளவு விளக்கப்படவில்லை.

பரிசு தானே வளர்ந்துகொண்டு போகும் அமைப்பு தமிழ்நாட்டில் அரிது. சூதாட்ட இயந்திரங்களுக்கு இங்கு இடமில்லை. இந்தியாவில் அவை கோவா, சிக்கிம் போன்ற சில பகுதிகளோடு நின்றுவிடுகின்றன. 1968இல் மாநில அரசு தொடங்கி 2003இல் தடைசெய்யப்பட்ட தாள் லாட்டரியில் பரிசுகள் முன்னரே வரையறுக்கப்பட்டவை. ஆதலின் இவ்வினாவுக்கு உள்ளூரில் கிடைக்கும் தக்க களம் கிண்டியின் ஜாக்பாட்டே ஆகும்.

இயந்திரத்தின் கணக்கு

1986இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ‘மெகாபக்ஸ்’ என்னும் பெயரில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. பல விடுதிகளில் நிறுவப்பட்ட இயந்திரங்கள் ஒரே பரிசுத் தொகையோடு இணைக்கப்பட்டன. ஒவ்வோர் ஆட்டத்திலும் போடப்படும் பணத்தின் சிறு பகுதி அத்தொகையில் சேரும். யாரேனும் வென்றால் தொகை தொடக்க நிலைக்குத் திரும்பும். இத்தகைய வளர்பரிசு இயந்திரம் ஒன்றில் எப்போது ஆடலாம் என்பதற்கான விடை எளிய பெருக்கல்தான்.

கற்பனையாக ஓர் இயந்திரத்தைக் கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு 10 ரூபாய். பெரும்பரிசை நீக்கிப் பார்த்தால், சிறு பரிசுகள் வழியாகச் சராசரியாகத் திரும்புவது 9 ரூபாய் 20 காசு. எனவே ஆட்டமொன்றுக்கு இழப்பு 80 காசு. பெரும்பரிசு விழும் வாய்ப்பு 50,000 ஆட்டத்துக்கு ஒன்று எனில், 80 காசை 50,000ஆல் பெருக்கக் கிடைக்கும் 40,000 ரூபாய் சமநிலைப் புள்ளி. பெரும்பரிசு அதற்குக் கீழே இருக்கும்வரை ஆட்டம் நட்டம். மேலே சென்றால் கணக்களவில் ஆதாயம்.

இத்தொகை 20,000 ரூபாயில் தொடங்கி ஆட்டத்துக்கு 20 காசாக வளர்கிறது என்றால், 40,000த்தை எட்ட 1,00,000 ஆட்டங்கள் வெல்வாரின்றிக் கழிய வேண்டும். அவ்வாறு கழியும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 13 அல்லது 14. அதாவது பெரும்பாலான சுற்றுகளில் பரிசு சமநிலைப் புள்ளியை எட்டுமுன்பே யாரோ ஒருவர் அதை வென்றுவிடுகிறார். ஆதாய நிலை அரிதாகத் தோன்றும்போது அதைத் தோற்றுவித்தவர்கள், அதற்கு முன் 1,00,000 முறை பணம் போட்டுத் தோற்றவர்கள். பின்னால் வருபவரின் ஆதாயம் விடுதியின் பையிலிருந்து வருவதன்று. முன்னால் போனவர்களின் இழப்பிலிருந்து வருவது. கிண்டிக்குச் செல்லும்போதும் இச்செய்தி மாறாது.

இங்கு ஒரு தடையும் உண்டு. 50,000க்கு ஒன்று என்பது ஆடுபவருக்குத் தெரியாது; அது இயந்திரத்துக்குள் இருக்கிறது. சீட்டுக்கட்டை அடிப்படையாகக் கொண்ட வீடியோ போக்கர் இயந்திரத்தில் மட்டும் 52 சீட்டுகளின் சேர்க்கைகளை எவரும் கணக்கிட இயலும். ஆதாயம் தேடும் ஆட்டக்காரர்கள் அவ்வகை இயந்திரங்களை நாடியதற்குக் காரணம் இதுவே.

கிண்டியின் கூட்டுத்தொகை

பந்தயக் களத்தில் இருவகையாகப் பணம் கட்டலாம். புக்கியிடம் கட்டினால் வீதம் அப்போதே உறுதியாகிவிடும். டோட்டலைசேட்டர் என்னும் கூட்டுத்தொகை முறையில் எல்லோர் பணமும் ஒன்றாகச் சேர்ந்து, பிடித்தம் போக எஞ்சியது வென்றவர்களுக்குப் பகிரப்படும். ஜாக்பாட் இரண்டாம் வகையைச் சார்ந்தது. இந்தியப் பந்தயக் களங்களில் பொதுவாக அடுத்தடுத்த ஐந்து பந்தயங்களின் வெற்றிக் குதிரைகளைச் சரியாகச் சொல்வோருக்குத் தொகையின் 70 விழுக்காடும், ஒன்று தவறியோருக்கு 30 விழுக்காடும் உரியன. ஐந்தையும் சொன்னவர் எவருமில்லையெனில் 70 விழுக்காட்டுப் பகுதி அடுத்த பந்தய நாளுக்குச் செல்லும். நாளிதழ்களின் பந்தய முடிவுப் பத்தியில் ஜாக்பாட் தொகைக்கு அருகே ‘கேரி ஓவர்’ என்று இடம்பெறும் குறிப்பு இதையே சுட்டுகிறது. இக்கட்டுரை அதனை ‘முன்கொணர்வு’ எனக் குறிக்கிறது.

முன்கொணர்வு ‘மு’ எனவும், அன்று புதிதாகச் சேரும் பணம் ‘பு’ எனவும், பிடித்த விழுக்காடு ‘பி’ எனவும் கொள்ளப்படும். தொகை முழுவதும் அன்றே பகிரப்படும் என்று வைத்துக்கொண்டால், புதிதாகக் கட்டப்படும் ஒரு ரூபாய்க்குச் சராசரியாகத் திரும்புவது (1 − பி) + மு/பு. இது ஒன்றைத் தாண்ட வேண்டுமெனில் மு/பு என்னும் விகிதம் பிடித்தத்தைவிட மிகுதியாக இருக்க வேண்டும். முன்கொணர்வு 3 லட்சம், புதுப் பணம் 5 லட்சம், பிடித்தம் 20 விழுக்காடு என்னும் கற்பனை எண்களை இட்டால் 0.80 + 0.60 = 1.40 கிடைக்கிறது. 100 ரூபாய் கட்டுவோர் கூட்டத்துக்குச் சராசரியாக 140 ரூபாய் திரும்பும். குதிரையைப் பற்றி எதுவுமே அறியாமல் கண்ணை மூடிக்கொண்டு எண்களைச் சொன்னவரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே.

ஆனால் ‘அன்றே பகிரப்படும்’ என்னும் நிபந்தனை எப்போதும் நிறைவேறுவதில்லை. ஐந்தையும் எவரேனும் சொல்லும் வாய்ப்பு பாதிதான் எனின் கணக்கு வேறாகிறது. பிடித்தம் போன 4 லட்சத்தில் 30 விழுக்காடான 1.2 லட்சம் அன்றே கைக்கு வரும். எஞ்சிய 2.8 லட்சமும் முன்கொணர்ந்த 3 லட்சமும் சேர்ந்த 5.8 லட்சத்தில் பாதி, அதாவது 2.9 லட்சமே எதிர்பார்ப்பு மதிப்பு. ஆக 5 லட்சத்துக்கு 4.1 லட்சம், ரூபாய்க்கு 82 காசு. ஆதாயம்போல் தோன்றியது நட்டமாகிவிட்டது. வென்றவர் இல்லையெனினும் மிகுதியாகச் சரி சொன்னோருக்குத் தொகையைப் பகிர்ந்தே தீர வேண்டிய ‘கட்டாயப் பகிர்வு நாள்’ உலகின் வேறு பல களங்களில் வழக்கில் இருக்கிறது. கணக்கறிந்தோர் காத்திருப்பது அந்த நாளுக்காகவே.

கூட்டம் சேர்தல்

இயந்திரத்துக்கும் கூட்டுத்தொகைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. இயந்திரத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பரிசை முந்திக்கொள்ளலாமே தவிர அதில் பங்கு கேட்க முடியாது. கூட்டுத்தொகையில் ஒவ்வொரு புதிய வரவும் பங்காளி. மேற்கண்ட 3 லட்சத்தின் செய்தி பரவி, அன்றைய புதுப் பணம் 5 லட்சத்திலிருந்து 15 லட்சமாக உயர்ந்தால், 0.80 + 0.20 = 1.00, ஆதாயம் முற்றிலும் கரைந்துவிடுகிறது. 20 லட்சமானால் 0.95. பரிசின் அளவு குறையவே இல்லை. ஆயினும் பந்தயம் நட்டமாகிவிட்டது. அறிவிப்புப் பலகையில் இருக்கும் பெரிய எண்ணையே நோக்குவோர் தவறவிடுவது இதையே. நோக்கத்தக்கது தொகை அன்று, விகிதம். அவ்விகிதத்தின் கீழ் எண்ணோ, சாளரம் மூடும்வரை முழுமையாகத் தெரியாது. முன்னைய முன்கொணர்வு நாள்களில் எவ்வளவு பணம் சேர்ந்தது என்னும் பதிவை வைத்திருப்பவர் மட்டுமே அதை ஓரளவு மதிப்பிட முடியும்.

மசாசூசெட்ஸ் மாநில லாட்டரியில் நிகழ்ந்தது இதற்குத் தெளிவான சான்று. அங்கு 2012 வரை விற்கப்பட்ட ‘கேஷ் வின்ஃபால்’ சீட்டில், பெரும்பரிசு 20 லட்சம் டாலரைத் தாண்டியும் எவரும் வெல்லாவிடில், அத்தொகை கீழ்நிலைப் பரிசுகளுக்கு இறக்கிப் பகிரப்படும். அந்த நாள்களில் சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு அதன் விலையைத் தாண்டியதைக் கண்ட சில குழுக்கள், மாணவர்களும் ஓய்வுபெற்றோரும் உட்பட, லட்சக்கணக்கான டாலருக்குச் சீட்டுகளை வாங்கின. 2012இல் அம்மாநிலத் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை இதனை ஆராய்ந்தது. 1992இல் வர்ஜீனியா லாட்டரியில் ஆஸ்திரேலிய முதலீட்டுக் குழு ஒன்று ஏறத்தாழ 70 லட்சம் சேர்க்கைகளில் 50 லட்சத்தை வாங்கிப் பெரும்பரிசை வென்றதும் இவ்வகையைச் சார்ந்ததே. இரண்டிலும் வென்றது ஊகம் அன்று, மூலதனம்.

மூலதனம் ஏன் தேவைப்படுகிறது? ஒவ்வொரு பந்தயத்திலும் 10 குதிரைகள் ஓடினால், ஐந்து பந்தயங்களுக்கு 1,00,000 சேர்க்கைகள். சேர்க்கைக்கு 10 ரூபாய் வைத்தால் அனைத்தையும் வாங்க 10 லட்சம் ரூபாய். பந்தயத்துக்கு இரு குதிரைகளைத் தெரிவு செய்பவர் 32 சேர்க்கைகளுக்கு 320 ரூபாய் கட்டுகிறார். மூன்று குதிரைகள் எனின் 243 சேர்க்கைகள், 2,430 ரூபாய். பல்லாவரத்திலிருந்தோ பெருங்களத்தூரிலிருந்தோ வாரக்கூலியோடு வரும் ஒருவர் கட்டக்கூடியது இந்த அளவே. அவருடைய சீட்டும் ஆதாய நாளில் ‘சராசரியாக’ 1.40 மதிப்புடையதுதான். ஆயினும் அந்தச் சராசரி அவர் வாழ்நாளுக்குள் வந்து சேரும் என்பதற்கு உறுதி இல்லை. நூற்றுக்கணக்கான நாள்கள் தோற்று ஒருநாள் வெல்வதே அச்சராசரியின் வடிவம். இடையில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருப்பதில்லை. ஆதாய நாள் என்பது பெருந்தொகை கொண்ட குழுவுக்கு ஆதாயமாகவும், தனியருக்கு வழக்கமான தோல்வி நாளாகவும் ஒரே வேளையில் அமைகிறது. அக்குழுவுக்கு ‘மு’வைச் சேர்த்துக் கொடுத்தவரும் அத்தனியரே.

வரியின் குறுக்கீடு

இதுவரை கண்ட கணக்கில் அரசு இடம்பெறவில்லை. 2018 ஜனவரியில் சேர்க்கப்பட்ட 31ஏ விதி, டோட்டலைசேட்டரில் செலுத்தப்படும் தொகை முழுவதையும் சரக்கு மற்றும் சேவை வரிக்குரிய மதிப்பாகக் கொண்டது. கிளப்பின் தரகு மட்டுமே வரிக்குரியது என்று 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறிற்று. 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் முழு மதிப்புக்கு 28 விழுக்காடு என்பதை நிலைநிறுத்தின. 2025 செப்டம்பர் 22 முதல் வீதம் 40 விழுக்காடு. இவ்வரி பந்தயக்காரரிடமிருந்து தனியே வசூலிக்கப்படும் எனக் கொண்டால், களத்தில் 100 ரூபாய் இறங்க அவர் 28 விழுக்காட்டுக் காலத்தில் 128 ரூபாயும், இப்போதைய வீதத்தில் 140 ரூபாயும் செலுத்த வேண்டும். முற்கூறிய 1.40 என்னும் திருப்பம் முதல் நிலையில் ஏறத்தாழ 9 விழுக்காட்டு ஆதாயமாகச் சுருங்குகிறது. இரண்டாம் நிலையில் போட்டதும் எடுத்ததும் சமம்.

இதன்மேல் வருமான வரி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115பிபி பிரிவு குதிரைப் பந்தய வெற்றித் தொகைக்கு 30 விழுக்காடு விதித்தது. 194பிபி பிரிவின்படி 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட வெற்றியில் அது முன்னரே பிடிக்கப்படும். முதன்மையானது 58(4) பிரிவு: அவ்வருவாயிலிருந்து எந்தச் செலவையும் கழிக்க இயலாது. 300 நாள் தோற்றதை 301ஆம் நாள் வென்றதோடு நேர்செய்ய வழியில்லை. பந்தயக் குதிரைகளை வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டும் 74ஏ பிரிவு இழப்பைப் பின்னாண்டுகளுக்குக் கொண்டுசெல்ல இடமளித்தது. சட்டத்தின் மொழியிலேயே கூறினால், முன்கொணர்வு உரிமை குதிரைக்காரருக்கு உண்டு, சீட்டுக்காரருக்கு இல்லை.

பரிசு முழுவதற்கும் 30 விழுக்காடு எனக் கொண்டு, 40 விழுக்காட்டுச் சேவை வரியையும் சேர்த்தால், ஒரு ரூபாய்க்குத் திரும்ப வேண்டியது 1.40ஐ 0.70ஆல் வகுத்த 2 ரூபாய். பிடித்தம் 20 விழுக்காடாயின் மு/பு 1.20ஐத் தாண்ட வேண்டும். முன்கொணர்வு 12 லட்சமாக இருக்கும் நாளில் புதுப் பணம் 10 லட்சத்துக்குக் குறைவாகச் சேர்ந்தால்தான் ஆதாயம். பெரிய தொகை கூட்டத்தை ஈர்க்கும் என்று மேலே கண்டதை நினைவிற்கொண்டால், இப்படிப்பட்ட நாளுக்குக் காத்திருப்பது எத்தகைய காத்திருப்பு என்பது விளங்கும். வரிகள் எதுவுமில்லையெனில் 0.20 போதுமாயிருந்தது என்பதையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பரியறிவும் எண்ணறிவும்

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தின் சட்ட வரலாறு ‘திறனா, தற்செயலா’ என்னும் ஒரே அச்சில் சுழன்றது. 1974இல் பந்தயத்தை ஒழிக்கும் சட்டமும், 1986இல் கிளப்பை அரசுடைமையாக்கும் சட்டமும் இயற்றப்பட்டன. டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் எதிர் தமிழ்நாடு மாநிலம் என்னும் வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. குதிரையின் பயிற்சி, உடல்நிலை, மரபு, ஓட்டுபவரின் ஆற்றல் ஆகியவற்றை மதிப்பிட்டே பந்தயம் கட்டப்படுவதால் அது பெரும்பான்மையும் திறனைச் சார்ந்தது. எனவே சூது என்னும் வரையறைக்குள் வாராது என்பது தீர்ப்பின் சாரம். 1957ஆம் ஆண்டின் சமர்பாக்வாலா வழக்கிலிருந்து தொடரும் அளவுகோல் இது.

இவ்வளவுகோல் பேசும் திறன் பரியறிவு. ஆனால் மேற்கண்ட கணக்கில் ஆதாயத்தைத் தந்தது மு, பு, பி என்னும் மூன்று எண்களின் அறிவு. வழக்கமான நாளில் தேர்ந்த பரியறிவாளரும் பிடித்தத்தைத் தாண்ட இயலாமல் தோற்கக்கூடும்; கட்டாயப் பகிர்வு நாளில் குதிரையையே காணாதவரின் சீட்டும் கணக்களவில் ஆதாயமுடையதாக இருக்கக்கூடும். திறன் இருத்தல் வேறு, ஆதாயம் இருத்தல் வேறு என்பதைச் சட்டம் வினவவில்லை; அதற்கு அத்தேவையும் இருக்கவில்லை. ஹாங்காங் பந்தயங்களில் கணினி வழியே பெருவெற்றி கண்ட பில் பென்டர் 1994இல் வெளியிட்ட ஆய்வுரை, குதிரைகளைப் பற்றிய தம் மதிப்பீட்டைப் பொதுமக்கள் கட்டிய பணத்தின் விகிதத்தோடு இணைத்ததை விவரிக்கிறது. அங்கும் முதலறிவு தனித்து நிற்கவில்லை.

இவ்விரு அறிவுகளையும் பிரித்துணர்ந்த கதை தமிழில் நெடுங்காலமாக வழங்குகிறது. புகழேந்தியின் நளவெண்பாவில், சூதில் நாடிழந்த நளன் உருமாறி இருதுபன்னனின் தேரோட்டியாகிறான். குதிரைகளைச் செலுத்துவதில் அவனுக்கு நிகரில்லை. ஆயினும் அந்த அறிவு அவனைக் கவறாட்டத்திலிருந்து காக்கவில்லை. கலிநீங்கு காண்டத்தில், விரையும் தேரிலிருந்து ஒரு தான்றி மரத்தின் காய்களை இருதுபன்னன் எண்ணிச் சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்க, எண் பொருந்துகிறது. இருவரும் தத்தம் கலையை மாற்றிக்கொள்கின்றனர். எண்ணும் கலை கைவந்ததும் கலி நீங்குகிறது. பழங்காலத்தில் தான்றிக் காய்களே சூதாடு கருவியாகப் பயன்பட்டன என்பதால், எண்ணப்பட்டது ஏதோ ஒரு மரம் அன்று. வடமொழிப் பாரதத்திலும் இப்பரிமாற்றம் உண்டு. பரியறிவுக்கு ஈடாக எண்ணறிவு தரப்படுவது, இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கதை அறிந்திருந்ததையே காட்டுகிறது. பின்னர் நளன் மீண்டும் சூதாடி நாட்டை வெல்கிறான். இப்பகுதியை உரைநிகழ்த்துவோர் பலர் விரைந்து கடந்துவிடுவது வழக்கம்.

திருக்குறளின் 94ஆம் அதிகாரமோ எண்ணறிவு பெற்றவனுக்கும் விலக்களிக்கவில்லை. அதன் முதற்குறள் தோல்வியைப் பேசாமல் வெற்றியையே தூண்டிலாகக் காண்கிறது. அடுத்தது கிடைப்பதையும் இழப்பதையும் ஒன்றுக்கு நூறு என்னும் விகிதத்தில் வைக்கிறது. முன்கொணர்வு என்பது முந்தையோர் இழந்ததைக் காட்டிப் பிந்தையோரை அழைக்கும் ஏற்பாடு என்று கொண்டால், அவ்வதிகாரம் கூறுவது அறிவுரை மட்டுமன்று, அமைப்பின் விளக்கமும் ஆகும். குதிரையோட்டம் திறன் என்று 1996இல் முடிவான பின்னும், அதே களத்தில் இறங்கும் ரூபாய்க்கு லாட்டரிக்கும் காசினோவுக்கும் உரிய 40 விழுக்காடே இன்று விதிக்கப்படுகிறது.